சோமனூரிலிருந்து மருதமலை ரோடு வரை: படிக்கப் போய் வந்த இரண்டு வருஷம்

எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்த அன்று ராத்திரி, தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்த அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தெனமும் எப்புடிக் கண்ணு போயிட்டு வருவே?" என்னிடம் பதில் இல்லை. சோமனூர் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். படிக்க வேண்டிய இடமோ கோயமுத்தூரைத் தாண்டி மருதமலை ரோட்டில். வேளாண் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், அரசு சட்டக் கல்லூரி என்று பல வளாகங்கள் அந்த ஒரே ரோட்டில்தான் இருக்கின்றன. கிழக்குப் பக்கமிருந்து வருகிற எங்களுக்கு ஊரின் முழு அகலத்தையும் குறுக்காகக் கடந்தால்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

ஹாஸ்டலில் சேரலாம்தான். ஆனால் வீட்டில் எட்டுத் தறி, கூலிக்கு நெசவு. தறிக்குப் பாவு நூல் வராத மாதங்களில் மளிகைக் கடைக்கே பாக்கி நிற்கும். ஹாஸ்டல் பணத்தை நான் கேட்கவே இல்லை. "பக்கத்துலயே ஏதாச்சும் காலேஜ் பாத்துக்கலாமுங்க" என்று சொந்தக்காரர்கள் அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். போய் வர ஒரு வழி கண்டுபிடிக்காவிட்டால் அந்த இடம் கையை விட்டுப் போய்விடும் என்பது எனக்குத் தெரிந்தது.

முதல் இரண்டு வாரம் முழுக்க பஸ். சோமனூரிலிருந்து கருமத்தம்பட்டி வந்து, அவினாசி ரோடு பிடித்து, காந்திபுரம் போய், அங்கிருந்து 70-ஆம் நம்பர் மருதமலை பஸ். இது 2023. கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது. பத்து கிலோமீட்டருக்குத் தூண்களும் தடுப்புகளும். அந்தப் பாலம் 2025 அக்டோபரில் திறந்தபோது நான் படிப்பை முடித்துவிட்டேன். நான் போன நாட்களில் ஹோப்ஸ் காலேஜ் பக்கம் பஸ் நின்றால் நின்றதுதான். ஒரு பக்கத்துக்கே இரண்டு மணி நேரம் ஆனது. காலை ஆறரைக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வீடு வந்தால், சாப்பிட்டதும் தூக்கம். புத்தகத்தைத் தொட முடியவில்லை.

அப்புறம்தான் ரயில் சீசன் டிக்கெட். திருப்பூரிலிருந்து வரும் சீனியர் அக்கா ஒருத்தர் சொன்னார். 150 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் ரயில்வே சீசன் கொடுக்கிறது, மாணவர்களுக்கு அதிலும் பாதிக் கட்டணம்தான். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு கட்டினால் போதும். எனக்கு மாதக் கணக்கில் நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இது முன்னாலேயே தெரிந்திருந்தால் அப்பாவின் கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருப்பேன்.

வாங்குகிற முறை எளிதுதான், பேப்பர் சரியாக இருந்தால். சலுகைக்கென்று ரயில்வேயின் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் பெயர், வயது, படிப்பு, வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன், படிக்கும் இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன் எல்லாம் எழுதி, கல்வி நிறுவனத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கவுண்டரில் கொடுக்க வேண்டும். வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையில்தான் சலுகை கிடைக்கும். என் பேப்பர் இந்த இடத்தில்தான் மாட்டியது. சின்ன வயதில் பல்லடத்தில் அம்முச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் இருந்து படித்ததால் என் ஆதாரில் பல்லடம் விலாசம். சேர்க்கை விண்ணப்பத்திலும் அதையே கொடுத்திருந்தேன். சான்றிதழில் பல்லடம் என்று அச்சாகி வந்தது. கவுண்டரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார்: "வீடு பல்லடம்னு இருக்குது, சோமனூர் சீசன் கேக்கறீங்களே, எப்படிம்மா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை.

விலாசம் மாற்ற ஆதார் மையம், மாறி வந்ததும் துறை அலுவலகத்தில் புது விண்ணப்பம், மறுபடி கையெழுத்து. மூன்று வாரம் ஓடிப்போனது. அந்த மூன்று வாரமும் அவினாசி ரோடுதான். ஜூனியர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: காலேஜுக்கு விண்ணப்பம் போடும் முன்பே ஆதார் விலாசத்தைப் பாருங்கள். பிற்பாடு வருகிற எல்லாப் பேப்பரும் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும்.

அதே கவுண்டரில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். "பொண்ணுங்களுக்கு இலவசம்னு சொன்னாங்களே" என்று கேட்டேன். பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம், பையன்களுக்கு பிளஸ் டூ வரை, மேற்படிப்புக்குப் பாதிக் கட்டணம் என்று அவர் விளக்கினார். நான் பி.எஸ்சி. படித்த மூன்று வருஷமும் இதைச் சொல்ல ஆளில்லை. காசு கொடுத்து பஸ்ஸில் போனேன். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் டிகிரி படிக்கிற பெண் பிள்ளை ரயில் தடத்தில் இருந்தால் தயவு செய்து சொல்லிவிடுங்கள்.

சீசன் கையில் வந்த பிறகு இரண்டு விஷயம் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்று, முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது. சூப்பர்ஃபாஸ்ட் வண்டி என்றால் தனியாகக் கூடுதல் கட்டணம் உண்டு. எங்களுக்குப் பாசஞ்சர்தான். இரண்டு, இருகூரில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பீளமேடு, வடகோவை வழியாகக் கோயமுத்தூர் ஜங்ஷனுக்குப் போகும். இன்னொன்று சிங்காநல்லூர் வழியாகப் போத்தனூருக்குப் போகும். எந்த வண்டி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு ஏறுவது நல்லது. முடிவதற்கு 10 நாள் முன்பிருந்தே சீசனைப் புதுப்பிக்கலாம் என்பதால், மாதக் கடைசியில் வரிசையில் நிற்காமல் முன்னாடியே எடுத்துவிடுவேன்.

வடகோவை என்று சொன்னேன் அல்லவா, என் இரண்டு வருஷத்தைக் காப்பாற்றியது அந்தச் சின்ன ஸ்டேஷன்தான். முதல் வாரம் எல்லாரோடும் ஜங்ஷனில் இறங்கி, ரோட்டைக் கடந்து, காந்திபுரம் பஸ் ஏறி, அங்கிருந்து 70 பிடித்தேன். ஒரு நாள் எதிரில் உட்கார்ந்திருந்த வேளாண் பல்கலைக்கழகத்து ஊழியர் ஒருவர் வடகோவையில் இறங்குவதற்காக எழுந்தார். "மருதமலை ரோடுன்னா நீங்களும் இங்கயே எறங்கலாமே, எதுக்கு ஜங்ஷன் வரைக்கும் போய்த் திரும்பி வர்றீங்க?" என்றார். அன்று அவரோடு இறங்கினேன். நடந்து மெயின் ரோட்டுக்கு வந்தால் காந்திபுரத்திலிருந்து வரும் 70 அங்கேயே வருகிறது. லாலி ரோடு, வடவள்ளி, அப்புறம் வளாகம். ஒரு பஸ்ஸும் அரை மணி நேரமும் மிச்சம். அந்த அரை மணி நேரத்தில் தினமும் நூலகத்தில் உட்கார்ந்தேன். என் செமஸ்டர் மதிப்பெண்ணில் அதற்குப் பங்கு உண்டு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

டவுன் பஸ்ஸுக்குக் காசு ஆகவில்லை. 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். முன்பக்கம் பிங்க் பெயின்ட் அடித்த வண்டி வந்தால் ஏறிக்கொள்வேன், கண்டக்டர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். கோயமுத்தூரில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடும். அவற்றில் இந்த இலவசம் கிடையாது. அரசு பஸ்ஸுக்கு எடுத்த மாணவர் பாஸும் செல்லாது. என்னோடு படித்த சூலூர்ப் பையன் புதிதில் பாஸை நீட்டிவிட்டு, டிக்கெட் வாங்கச் சொன்னதும் சங்கடப்பட்டு நின்றான். அவனை மாதிரி ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

சோமனூர்ப் பக்கத்தில், வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஆத்தா வீட்டு வாசலில் ஓலை வேய்ந்து ஸ்டாண்டு வைத்திருந்தார். சைக்கிளுக்கு மாதம் 100 ரூபாய். நான் போகும்போது அவர் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருப்பார். ராத்திரி நேரமானால் லைட்டைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார். "வண்டி லேட்டாக் கண்ணு?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே போவார். வெறும் நூறு ரூபாய்க்கு ஒருத்தர் எனக்காகக் கண் விழித்திருந்தார். அதை நினைத்தால் இப்போதும் மனசு நெகிழ்கிறது.

இரண்டாம் வருஷம் பிராஜெக்ட் வந்ததும் கணக்கு மாறியது. லேபிலிருந்து கிளம்பும் நேரம் தள்ளிப்போனது, சாயங்கால ரயிலோ நமக்காக நிற்காது. கிருத்திகை, சஷ்டி, செவ்வாய்க்கிழமை என்றால் மருதமலையிலிருந்து இறங்கி வரும் பஸ்கள் கோயிலிலேயே நிரம்பிவிடும். வளாகத்து ஸ்டாப்பில் கை காட்டினாலும் ஏற இடமிருக்காது. ஒரே மாதத்தில் ஆறு நாள் ரயிலை விட்டுவிட்டு, காந்திபுரம் போய் பஸ்ஸில் வந்தேன். அம்மா பயந்துவிட்டார்.

எங்கள் ஊரில் டவுனுக்கு வேலைக்குப் போகும் அண்ணன்கள் சிலர் ஒரு வழி வைத்திருந்தார்கள். இங்கே ஸ்டேஷன் வரை ஒரு வண்டி, அங்கே இறங்கும் இடத்தில் ஒரு வண்டி. வீட்டில் அப்பாவின் பழைய ஸ்கூட்டி சும்மா நின்றது. அதை வடகோவையில் ஒரு ஸ்டாண்டில் ராத்திரி விட்டுவிட்டு, காலையில் எடுத்து வளாகத்துக்குப் போய், சாயங்காலம் ரயில் நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விடலாம். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் வளாகத்துக்குள் வண்டி நிறுத்த ஸ்டிக்கர் வேண்டும். ஸ்டிக்கருக்கு லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் வேண்டும். என்னிடம் ஆர்.சி. மட்டும்தான் இருந்தது, அதுவும் அப்பா பெயரில்.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் எடுத்தேன். பரிவாஹன் என்கிற அரசு இணையதளத்தில் விண்ணப்பம், கேள்விகளுக்குப் பதில், அதில் சிரமமில்லை. ஆனால் எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் டிரைவிங் டெஸ்டில் எட்டுப் போட முடியும். எல்.எல்.ஆர். செல்லுபடியாகும் 6 மாதத்துக்குள் போட்டும் முடிக்க வேண்டும். ஸ்டிக்கருக்கு எல்.எல்.ஆர். ஏற்க மாட்டார்கள். ஆக, வண்டி தேவைப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். இன்னொன்று, ஸ்கூட்டி மட்டும் போதும் என்று கியர் இல்லாத வகையில் எடுத்தால் லைசென்ஸ் அதற்கு மட்டும்தான். பின்னால் பைக் ஓட்ட மறுபடி போக வேண்டும். நான் அண்ணனின் பைக்கில் ஒரு மாதம் பழகி, கியர் வண்டியிலேயே எட்டுப் போட்டேன். காலை ஊன்றாமல் முடித்து வந்தபோது அண்ணன் கண்ணில்தான் தண்ணீர்.

இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது பேப்பர் சேர்க்கும்போதுதான் தெரிந்தது. அவ்வளவு நாளும் அப்பா அதில் சந்தைக்குப் போய் வந்திருக்கிறார். ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் அன்றே எடுத்தோம். பெட்ரோல் பங்கில் புகைச் சோதனை. வண்டி அப்பா பெயரில் இருப்பதால், மகள் ஓட்டச் சம்மதம் என்று அவர் கைப்பட ஒரு கடிதம்.

ஸ்டிக்கர் வருவதற்குள் ஒரு வாரம் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நிறுத்தினேன். மூன்றாம் நாள் ஹெல்மெட் காணோம். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம், அதை விடு, லாலி ரோடு நெரிசலில் தலை முக்கியம். தோழியின் ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பினேன். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு துறைக்குப் பின்னால் மர நிழலில் ஷெட். வண்டியை அங்கே விட்டுவிட்டு லேபுக்குள் போனால் சாயங்காலம் வரை அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. அது மலையடிவாரம், யானை நடமாட்டம் உண்டு. இருட்டிய பிறகு மருதமலைப் பக்கம் தனியாக வண்டியில் போவது ஆபத்து. "ஆறு மணிக்கு மேல இருக்காதீங்கம்மா, கெழக்கால ரோடு பிடிச்சுப் போயிருங்க" என்று காவலாளி அண்ணன் தினமும் சொல்வார். ஒரு நாள் சுற்றுச்சுவர் பக்கம் மரக்கிளை முறிந்து கிடந்ததைக் காட்டினார். அதற்கப்புறம் ஐந்தே முக்காலுக்கு என் மைக்ராஸ்கோப்பு மூடிவிடும். மீதியை மறுநாள் காலை சீக்கிரம் வந்து முடித்தேன்.

2025 ஏப்ரலில் கடைசி வைவா. அன்று சாயங்காலம் ஸ்கூட்டியை வடகோவையிலேயே விடாமல், அண்ணனை வரச் சொல்லி, அவர் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து சோமனூர் வரை வந்தோம். ஸ்டாண்டு ஆத்தாவுக்கு அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். "இனி வர மாட்டியா கண்ணு?" என்றார். சைக்கிளை அங்கேயே விட்டு வந்தேன், காரணம் இருந்தது. பக்கத்து வீட்டு மாமா மகள் அந்த வருஷம் டவுனில் பி.காம். சேர இருந்தாள்.

அவள் ஆதாரை வாங்கிப் பார்த்தேன். விலாசம் எங்கள் ஊர்தான். ஜூலையில் படிவத்தோடு அவளைக் கூட்டிக்கொண்டு அதே கவுண்டருக்குப் போனேன். டிகிரிப் பிள்ளை, இலவச சீசன். சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, காசே கேக்கலீங்களே" என்றாள்.