மோட்டர் இல்லாத சிகிரியா நீரூற்று: வளவுக்குள் மூன்றாவது முயற்சி

இலங்கையின் பழைய மலைக்கோட்டையான சிகிரியாவுக்குப் போனது நல்ல மாரியில். மலையில் ஏறும் அவசரத்தில் பலர் நிற்காமல் கடக்கும் நீர்ப்பூங்காவில், துளையிட்ட சுண்ணாம்புக்கல் தட்டு ஒன்றிலிருந்து தண்ணீர் எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்டிய அரசன் காசியப்பன் ஆண்டது கி.பி. 477 முதல் 495 வரை. அந்தக் காலத்து ஊற்று இன்றைக்கும் மழை பெய்தால் வேலை செய்கிறது! மேலே ஓவியங்களையும், தொல்லியலாளர் பரணவிதான 685 பழைய பாட்டுகளை வாசித்தெடுத்த, பளபளப்பாகப் பூசிய 'கண்ணாடிச் சுவரையும்' ஆசையாகத்தான் பார்த்தேன். மனம் மட்டும் கீழேயே நின்றுவிட்டது.

யாழ்ப்பாணம் திரும்பியதும், அதே போல ஓர் ஊற்றைச் செய்து பார்க்க வீட்டு வளவுக்குள் வேலை தொடங்கியது. நாலடி உயரத்தில் ஒரு நூறு லீற்றர் பரல், மண்ணுக்குள் இருபத்தைந்தடி அரையங்குலக் குழாய், நுனியில் கல். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லையே எடுத்தேன். முதல் கல் ஐந்தாவது துளையில் வெடித்தது. அடுத்ததைத் தண்ணீர் விட்டு விட்டு, ஆறுதலாகத் துளைத்தேன்: ஏழு துளை, ஒவ்வொன்றும் 6 மில்லிமீற்றர்.

திறந்தால் நாலு விரல் உயரம்தான் வந்தது. அதுவும் குமிழி குமிழியாக. குழாய் ஓரிடத்தில் மேடாக வளைந்திருந்ததால் அதற்குள் காற்று அடைத்திருந்தது. தோண்டி, ஒரே சரிவாக மறுபடி புதைத்தேன். குமிழி நின்றது, உயரம் கூடவில்லை.

இரவு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஏழு துளைகளின் பரப்பையும் கூட்டினால் குழாயின் வாயை விடப் பெரிது! அப்புறம் அழுத்தம் எங்கே சேரும்? மூன்றாவது கல்லில் 3 மில்லிமீற்றர்த் துளைகள் போட்டேன். பரப்பு நாலில் ஒன்றாகக் குறைந்தது.

நேற்றுப் பின்னேரம் திறந்தேன். ஏழு துளையிலிருந்தும் தண்ணீர் நூல் நூலாக முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. மருமகள் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, "மாமா, மோட்டர் எங்கை?" என்று கேட்டாள். பரலைக் காட்டினேன். நம்பவில்லை, குழாய் போகும் வழியெல்லாம் காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள்.

சிகிரியாவில் அந்தக் குழாய்வழிகள் நிலத்துக்கடியில், கண்ணுக்கே தெரியாமல் ஓடுகின்றன. இருபத்தைந்தடிக்குச் சரிவு பிடிக்கவே எனக்கு இரண்டு நாள் போனது. ஒரு பூங்கா முழுவதற்கும் மட்டம் பார்த்தவர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

இப்போதைய குறை, பரலில் தண்ணீர் இறங்க இறங்க ஊற்றும் குட்டையாகிறது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்த கிழமை அகலமான, ஆழம் குறைந்த தொட்டி ஒன்று கட்டப் போகிறேன். சீமெந்து வாங்கியாயிற்று.