1989-க்கு ஒரு நியாயம், 1990-க்கு ஒரு நியாயம்

அமெரிக்காவில் பொது மருத்துவ நிபுணர்களுக்குச் சான்றிதழ் தருவது ஏபிஐஎம் என்ற வாரியம். 1990-க்கு முன் தேறியவர்களுக்கு அது ஆயுளுக்கும் செல்லும். அதன்பின் தேறியவர்களுக்குப் பத்தே ஆண்டு என்று வைத்தார்கள். பிறகு மறுபடி தேர்வு, மறுபடி கட்டணம்.

மருத்துவர் கடைசிவரை படித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் படித்து முடித்து ரொம்ப காலமானவருக்கு விலக்கு, நேற்று படித்தவருக்குத் தேர்வு என்பது எந்த ஊர் நியாயம்? நோயாளியின் பாதுகாப்புதான் நோக்கம் என்றால் மூத்தவர்களிடமிருந்து அல்லவா தொடங்கியிருக்க வேண்டும்!

2014-இல் விதிகளை இன்னும் இறுக்கினார்கள். கொதித்துப்போன மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். 2015 பிப்ரவரியில் வாரியத் தலைவர் ரிச்சர்ட் பேரன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு இதய மருத்துவர் பால் டியர்ஸ்டீன் முன்னின்று மாற்று வாரியம் ஒன்று தொடங்கப்பட்டது.

2022 முதல், பத்தாண்டுத் தேர்வுக்குப் பதிலாகக் காலாண்டுக்குச் சில கேள்விகள், புத்தகம் பார்த்தே பதில் சொல்லலாம் என்ற வழியும் வந்திருக்கிறது. நல்ல மாற்றம். சந்தேகம் வந்தால் நல்ல மருத்துவர் புரட்டிப் பார்க்கத்தானே செய்வார்?

ஆயுள் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்றும் கட்டாயமில்லை. இளையவர்கள் ஒதுங்க நினைத்தாலும் முடியாது. பல மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் செல்லுபடியாகும் சான்றிதழைக் கேட்கின்றன.