ஆவணப்படப் பேட்டியில் குரலைக் காப்பாற்றுவது

ஆவணப்படம் எடுக்க வருபவர்கள் கையிலுள்ள பணத்தையெல்லாம் கேமராவில் போட்டுவிடுகிறார்கள். பாதியையாவது ஒலிக்கு ஒதுக்குங்கள். காட்சி சொதப்பினால் மேலே வேறு ஷாட் போட்டு மறைக்கலாம். குரல் கெட்டுப்போனால் வழியில்லை. மகனை இழந்த தாயிடம் போய், இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்று கேட்கவே கூடாது.

பேட்டி எடுக்கும் வீட்டில் முதல் வேலை, ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துவது. வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். திரும்பப் போடாமல் கிளம்ப முடியாது. இல்லாவிட்டால் அவர்கள் வீட்டு மாவு புளித்துப்போகும்.

உடையில் குத்தும் குட்டி மைக்கான லேப்பல் மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். முந்தானை மடிப்புக்குள் செருகினால் மூச்சு விட்டாலும் சரசரக்கும். பட்டுச் சேலை இன்னும் மோசம். தாலிச் சங்கிலி மைக்கில் இடிக்கும் ‘டிக்’ சத்தம் ஹெட்ஃபோன் போடாதவருக்கு எடிட்டிங் டேபிளில்தான் தெரியவரும். மைக் மாட்டுவது பேசுபவருக்குக் கூச்சமாக இருந்தால் வற்புறுத்த வேண்டாம். நீளக் கழியில் மாட்டிய பூம் மைக்கை ஃப்ரேமுக்குச் சற்று மேலே, வாயைப் பார்த்தபடி பிடித்தால் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். சாதாரணப் பேச்சின் உச்சம் ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால், திடீரென்று குரல் உயர்ந்தாலும் பதிவு கரகரத்து உடையாது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி. 1/60 வைத்தால் படத்தில் சில டியூப்லைட்டுகள் துடிக்கும்.

“எப்ப வந்தீங்க?” என்றால் “எழுபத்தொம்பதுல” என்று ஒற்றைச் சொல்லோடு முடியும், நம் கேள்வியை வெட்டியபின் அது தனியாக நிற்காது. “இந்த ஊருக்கு வந்த கதையைச் சொல்லுங்க” என்று கேளுங்கள். நடுவில் ‘ம்’ கொட்டாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். பதில் முடிந்த மாதிரி தோன்றினாலும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் சில நொடி காத்திருங்கள். சொல்லத் தயங்கியதைப் பலர் அந்த இடைவெளியில்தான் சொல்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் யாரும் எழாமல் ஒரு நிமிடம் அறையின் வெறும் சத்தத்தைப் பதியுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட எடிட்டருக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஒரு மணி நேரப் பேட்டியை டைம்கோடோடு, அதாவது எந்த வரி பதிவில் எந்த நிமிடம், நொடியில் வருகிறது என்ற குறிப்போடு எழுத நாலு மணி நேரம்கூட ஆகும். குரல் தெளிவில்லை என்றால் அதற்கும் மேல். அந்தக் கூலியையும் பட்ஜெட்டில் தனியாகக் காட்டுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். எழுதுபவர் வட்டார வழக்கைத் திருத்தக் கூடாது. “அங்கிட்டு” என்பதை “அங்கே” என்று மாற்றிவிட்டால், எடிட்டர் தேடும்போது அந்த வரி அகப்படாது.