மார்பகக் கட்டி லாங் கேஸ்: ஸ்டேஜிங்கைக் கடைசியிலிருந்து படியுங்கள்

இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். சர்ஜரி பிராக்டிகலில் மார்பகக் கட்டி லாங் கேஸாக (ஒரே நோயாளியை முழுதாகப் பார்த்து விளக்கும் தேர்வு) வந்தால் பாதிப் பேர் உள்ளுக்குள் சந்தோஷப்படுவோம். ஹிஸ்டரி எடுப்பது எளிது, பரிசோதனையும் வரிசையாகப் போய்விடும். மாட்டிக்கொள்வது ஸ்டேஜ் சொல்லும் இடத்தில்தான். டி என்பது கட்டி, என் என்பது நிணநீர்க் கணு, எம் என்பது தொலைவுப் பரவல்; மூன்றுக்கும் எண் போட்டுச் சேர்த்தால் ஸ்டேஜ். எம்எக்ஸ் என்றால் பரவலை மதிப்பிடவில்லை என்று பொருள். "டி4பி, என்1, எம்எக்ஸ்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "எதை வைத்து டி4பி?" என்ற கேள்விக்கு வாயடைத்து நிற்பவர்களைத் தேர்வு அறையில் எப்போதும் பார்க்கலாம். ஜூனியர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் நான் படித்த முறையை எழுதி வைக்கிறேன். டி.என்.எம். ஸ்டேஜ் டேபிளைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்தேன், அவ்வளவுதான்.

அப்படிப் படிக்க ஒரு காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் மார்பகப் புற்றுநோய் என்றாலே ஹால்ஸ்டெட்டின் ராடிக்கல் மாஸ்டெக்டமிதான். மார்பு, அதன் அடியில் உள்ள பெக்டொராலிஸ் தசைகள், அக்குள் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். 1943இல் நியூயார்க்கின் ஹாகன்சன், ஸ்டவுட் என்ற இரு மருத்துவர்களும் யாருக்கு இவ்வளவு பெரிய அறுவை செய்தும் நோய் திரும்பி வருகிறது என்று பார்த்து, அறுவை கூடாதவர்களின் அடையாளங்களை வரிசைப்படுத்தினார்கள். தோலில் பரவலான நீர்வீக்கம், கட்டியைச் சுற்றித் தோலில் சின்னச் சின்ன முடிச்சுகள், அழற்சி வகைப் புற்று, காறை எலும்புக்கு மேலே கணு, நெஞ்சுச் சுவரோடு ஒட்டிய கட்டி, அசையாத அக்குள் கணு என்று அந்த வரிசை போகும். இன்றைய டி4, என்2, என்3 பிரிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே சங்கதிகள்தான். பிரான்சில் பியர் டெனுவா டி.என்.எம். முறையை உருவாக்கியதும் 1943-க்கும் 1952-க்கும் இடையில்தான். ஆக டேபிளின் அடிப்பகுதி கேட்பது ஒன்றே: "நேராகக் கத்தி வைக்கலாமா, கூடாதா?" எக்ஸாமினர் கடைசியில் வந்து நிற்கப்போவதும் அங்கேதான்.

சரி, முறைக்கு வருவோம். கேஸ் பார்த்து முடித்ததும் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள். எம்1 இருக்கிறதா? இருந்தால் ஸ்டேஜ் 4, மற்றது எதையும் பார்க்க வேண்டாம். இல்லையென்றால், என்3 இருக்கிறதா? இருந்தால் 3சி. அதுவும் இல்லையென்றால், டி4 இருக்கிறதா? 3பி. அடுத்து என்2? 3ஏ. நான்குக்கும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது டி1 முதல் டி3 வரை, என்0 அல்லது என்1. இப்போது இரண்டு எண்களையும் கூட்டுங்கள். 1 வந்தால் 1ஏ, 2 வந்தால் 2ஏ, 3 வந்தால் 2பி, 4 வந்தால் 3ஏ.

ஒரு உதாரணம். கட்டி 6 செ.மீ., அக்குளில் அசையும் கணுக்கள். டி3, என்1. நான்கு கேள்விக்கும் இல்லை என்பதே பதில். மூன்றும் ஒன்றும் நான்கு, ஸ்டேஜ் 3ஏ. அதே நோயாளியின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் என்2, அப்போதும் 3ஏ. மார்பின் கீழ்ப்பாதித் தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழிந்திருந்தால் டி4, உடனே 3பி. கூட்டல் கணக்கில் அடங்காத விதிவிலக்கு இரண்டு உண்டு. மார்பில் கட்டியே தெரியாமல் அக்குளில் மட்டும் கணு வந்தால் டி0 என்1, அது 2ஏ. கட்டி டி0 அல்லது டி1-ஆக இருந்து, கணுவில் 2 மி.மீ.க்கு மேல் போகாத நுண்பரவல் மட்டும் இருந்தால் 1பி. இரண்டாவதை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும் என்பதால் படுக்கையருகில் அந்தக் கவலை இல்லை.

இனி டி. அளவுகள் மனதில் தங்குவது கஷ்டமில்லை: 2 செ.மீ. வரை டி1, அதற்கு மேல் 5 வரை டி2, 5-ஐத் தாண்டினால் டி3. சரியாக 2 என்றால் டி1-இல்தான் நிற்கும், சரியாக 5 என்றால் டி2. கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்லாமல் டேப் வைத்து அளந்து, இரண்டு பக்க அளவையும் சொல்லுங்கள். கட்டிகள் இரண்டு மூன்று இருந்தால் பெரியதன் அளவே கணக்கு, கூட்டக் கூடாது.

மார்க் இருப்பதும் போவதும் டி4-இல். நோயாளி அம்மாவிடம், "ரெண்டு கையையும் இடுப்புல வச்சு நல்லா அழுத்துங்கம்மா" என்று சொல்லுங்கள். பெக்டொராலிஸ் இறுகும். தளர்வாக இருந்தபோது அசைந்த கட்டி இப்போது அசையவில்லை என்றால் அது தசையோடு ஒட்டியிருக்கிறது. இங்கேதான் பொறி: தசையோடு ஒட்டியது மட்டும் டி4 ஆகாது. நெஞ்சுச் சுவர் என்று டி.என்.எம். சொல்வது விலா எலும்பு, விலா இடைத் தசைகள், செரட்டஸ் ஆன்டீரியர் (விலாப்பக்கத் தசை) ஆகியவற்றை மட்டும். பெக்டொராலிஸ் அதில் சேராது. தசை தளர்ந்திருக்கும்போதே கட்டி அசையவில்லை என்றால்தான் டி4ஏ. தசையை இறுக்காமலேயே "ஃபிக்ஸ்டு" என்று சொன்னால் அடுத்த கேள்வி எங்கே வரும் என்று தெரிந்திருக்கும்.

தோலிலும் இதே கதைதான். தோல் உள்ளே இழுத்துக் குழிவது கூப்பர் லிகமென்ட் (மார்பைத் தோலோடு பிணைக்கும் நார்) இழுபடுவதால்; முலைக்காம்பு உள்வாங்குவது பால்நாளங்கள் இழுபடுவதால். இரண்டுமே டி4 இல்லை. நீர்வீக்கம், புண், அதே மார்பில் தனியாகத் தெரியும் தோல் முடிச்சுகள், இவைதான் டி4பி. 4ஏ-வும் 4பி-யும் சேர்ந்தால் 4சி. சிவந்து வீங்கி, மார்புத் தோலில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிடித்து, வேகமாக வந்திருந்தால் அழற்சி வகை, டி4டி. அதற்கு ஹிஸ்டரியில் கால அளவு அவசியம். எத்தனை மாதமாக என்று கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

அக்குளைப் பார்க்கும்போது அவசரம் வேண்டாம். வலது அக்குள் என்றால் அவருடைய வலது முன்கையை உங்கள் வலது முன்கையில் தாங்கிக்கொண்டு இடது கை விரல்களால் தடவுங்கள். கை தொங்கித் தளர்ந்தால்தான் விரல் உள்ளே போகும். அசைந்தால் என்1, ஒன்றோடொன்றோ அடித்திசுவோடோ ஒட்டியிருந்தால் என்2. எண்ணிக்கைக்கு இங்கே வேலையில்லை. அப்புறம், "ஏபிக்கல் குரூப் தட்டுப்படுகிறது" என்று வாய்போக்கில் சொல்லிவிடாதீர்கள். ஏபெக்ஸ் (அக்குளின் உச்சி) என்பது பெக்டொராலிஸ் மைனருக்கு உட்புறம் இருக்கும், அக்குள் கணுக்களின் மூன்றாம் லெவல். அதைச் சொன்ன நிமிடமே நோயாளியை என்3ஏ ஆக்கி 3சி-க்குத் தள்ளிவிட்டீர்கள். காறை எலும்புக்கு மேலே உள்ள கணு என்3சி. ஸ்டேஜ் விதிகளை வெளியிடும் ஏ.ஜே.சி.சி. (அமெரிக்கப் புற்றுநோய் கூட்டுக்குழு) கையேட்டின் 1997 பதிப்பில் அது எம்1-ஆக இருந்தது, 2002 பதிப்பில் என்3-க்கு மாற்றினார்கள். பழைய நோட்ஸ் கையில் கிடைத்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள், எந்தக் காலத்து நோட்ஸ் என்று தெரிந்துவிடும்.

எம்எக்ஸ் என்ற வார்த்தையை மறந்துவிடுங்கள். ஏ.ஜே.சி.சி. அதை நீக்கி வெகுகாலமாயிற்று. ஹிஸ்டரியிலும் பரிசோதனையிலும் பரவல் அறிகுறி இல்லை என்றால் தைரியமாக எம்0 என்று சொல்லலாம், அதற்கு ஸ்கேன் வந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் அப்படிச் சொல்ல நீங்கள் பார்த்திருக்க வேண்டும்: முதுகெலும்பைத் தட்டி வலி, கல்லீரல், நெஞ்சில் நீர், தலைவலி, இருமல், எதிர்ப்பக்க மார்பு, எதிர்ப்பக்க அக்குள். எதிர் அக்குளில் பரவிய கணு எம்1 கணக்கில் போகும், அதை மறப்பவர்கள் அதிகம். இதையெல்லாம் சொல்லும்போது அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் நினைவில் இருக்கட்டும். "மைட்டாட்டிக்" என்று, புற்றுநோய் என்ற சொல்லைத் தவிர்த்து, வார்டில் பூசி மெழுகுவதற்குக் காரணம் உண்டு. இருந்தாலும் "ஸ்டேஜ் 4" என்பது நம் ஊரில் எல்லோருக்கும் புரியும் சொல்.

நீங்கள் சொல்வது கிளினிக்கல் ஸ்டேஜ். அறுவைக்குப் பின் பேத்தாலஜி அறிக்கையில் வருவது வேறு கணக்கு. அங்கே கணுக்களை எண்ணுவார்கள்: 1 முதல் 3 வரை என்1, 4 முதல் 9 வரை என்2, 10-உம் அதற்கு மேலும் என்3. எனவே கையில் என்1-ஆகத் தெரிந்தவர் அறிக்கையில் என்2-ஆக வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

எட்டாம் பதிப்பைப் பற்றி ஒரு கேள்வி அநேகமாக வரும். 2018 முதல் நடைமுறைக்கு வந்த அதில் கட்டியின் கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற அளவு), ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ரிசெப்டர்கள்), ஹெர்2 (இன்னொரு ரிசெப்டர்) ஆகியவற்றையும் சேர்த்து ப்ரோக்னாஸ்டிக் (நோயின் போக்கைக் கணிக்கும்) ஸ்டேஜ் என்று தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த டேபிள்களை மனப்பாடம் செய்ய முயல்வது வீண், எக்ஸாமினருக்கே தெரிந்திருக்காது. இரண்டு உதாரணம் போதும். டி1 என்0 என்றால் உடற்கூற்றுக் கணக்கில் 1ஏ. மூன்று ரிசெப்டரும் நெகட்டிவ் என்றால் கிளினிக்கல் ப்ரோக்னாஸ்டிக் கணக்கில் 1பி. மாறாக டி3 என்1, உடற்கூற்றில் 3ஏ. கிரேடு 1, மூன்றும் பாசிட்டிவ் என்றால் கிளினிக்கலாக 2ஏ-வுக்கு இறங்கிவிடும்.  இன்னொன்று, எல்.சி.ஐ.எஸ்.-ஐ (லோபுலார் கார்சினோமா இன் சிட்டு) இந்தப் பதிப்பில் டி.ஐ.எஸ்.-இலிருந்து (சுற்றுத் திசுவுக்குள் ஊடுருவாத புற்றுக்கான டி பிரிவு) எடுத்துவிட்டார்கள். படுக்கையருகில் இந்த மார்க்கர்கள் கையில் இருக்காது என்பதால் "உடற்கூற்று அடிப்படையில் கிளினிக்கல் ஸ்டேஜ்" என்று முன்னால் சேர்த்துச் சொன்னால் பாதிக் கேள்விகள் அடங்கிவிடும்.

பிறகு சிகிச்சை. 3பி என்று சொன்னால் ட்ரூகட் பயாப்ஸி (தடித்த ஊசியால் திசு எடுப்பது), இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி (ரிசெப்டர் சோதனை), சி.டி., எலும்பு ஸ்கேன், முதலில் கீமோ, அப்புறம் அறுவை, அதன்பின் கதிர்வீச்சு என்று போக வேண்டும். முற்றிய கட்டிகளுக்கு அறுவைக்கு முன்பே மருந்தும் கதிரும் கொடுப்பதை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் முன்னோடியாகச் செய்தவர்கள். சென்னைப் பரீட்சையில் இதைச் சொன்னால் எக்ஸாமினர் முகம் கொஞ்சம் மலரும்.

தேர்வுக்கு வரும் நோயாளிகளில் பலர் ஏற்கெனவே சில சைக்கிள் கீமோ முடித்தவர்கள். தலைமுடியும் நகத்தின் நிறமும் கண்ணில் பட்டதுமே அதைக் கேட்டுவிடுங்கள். கீமோ தொடங்கும் முன் கட்டி எவ்வளவு இருந்தது, தோல் எப்படி இருந்தது என்பது அவருக்குத் தெரியும்; எலுமிச்சை அளவா, அதைவிடப் பெரிதா என்று கேட்டால் சொல்லிவிடுவார். ஸ்டேஜ் அந்தப் பழைய நிலைமைக்கு உரியது. இன்று கட்டி கையில் படாமல் கரைந்திருந்தாலும் அது மாறாது. இன்றைய கண்டுபிடிப்பை ஒய்.சி. என்ற முன்னொட்டோடு தனியாகச் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் வருவது ஒய்.பி. தொடக்கத்தில் எம்1-ஆக இருந்தவர் ஸ்கேனில் எல்லாம் மறைந்த பிறகும் எம்1-தான்.