செர்மாட் நாட்குறிப்பு: கோடையிலும் சறுக்கும் ஊர்

2025 ஜூலை 10, வியாழன்

சுவிட்சர்லாந்தின் ஃபிஸ்ப் நகரில் ரயில் மாறி, ஒடுங்கிய பள்ளத்தாக்கின் வழியே ஏறிவரும் சிவப்பு ரயிலில் மாலையில் செர்மாட் வந்து சேர்ந்தேன். பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஊருக்குள் இடமில்லை. காரில் வருபவர்கள் ஐந்து கிலோமீட்டருக்கு முன்னால் உள்ள டேஷில் வண்டியை நிறுத்திவிட்டு, கடைசித் தொலைவை ரயிலில்தான் கடக்க வேண்டும். நிலையத்துக்கு வெளியே பெட்டி வடிவத்தில் சிறிய மின்வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றில் பல இந்த ஊரிலேயே கட்டப்படுபவை.

ஜூலை மாதத்தில், தோளில் பனிச்சறுக்குப் பலகைகளைச் சாய்த்துப் பிடித்தவர்களும் முதுகில் மலையேற்றக் கயிற்றைச் சுருட்டி மாட்டியவர்களும் ஒரே நடைமேடையில் இறங்கி நடப்பதைப் பார்ப்பதற்காகவே இந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன். ஆண்டு முழுவதும் சறுக்க முடிகிற ஊர்கள் உலகிலேயே மிகச் சில. செர்மாட் அவற்றில் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் ஊருக்குத் தெற்கே, இத்தாலிய எல்லையை ஒட்டிப் படுத்திருக்கும் தியோடுல் பனியாறு. ஊர் இருப்பது ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில். அங்கே இப்போது ஜன்னல் தொட்டிகளில் பூக்கள் நிறைந்திருக்கின்றன. பனி வேண்டுமென்றால் இன்னும் ஈராயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும்.

பலரும் இதைக் குளிர்கால ஊர் என்றே எண்ணுகிறார்கள். வரலாறு நேர்மாறானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மலையேறிகள் கோடையில் வந்ததால் விடுதிகள் தோன்றின. 1891-இல் ரயில் வந்தது. அந்த ரயில் குளிர்காலத்திலும் ஓடத் தொடங்கியது 1930-களில்தான். கோடைதான் இவ்வூரின் மூத்த பருவம்.

ஜூலை 11, வெள்ளி

கோடையில் சறுக்க விரும்புபவர் முதலில் கடிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். இரவின் குளிரில் பனியின் மேற்பரப்பு உறைந்து இறுகுகிறது. வெயில் ஏற ஏற அது இளகி, நண்பகலுக்குள் கூழாகிவிடுகிறது. ஆகவே விடிந்ததும் ஏறி, மதிய உணவுக்கு முன் முடித்துக்கொள்வதே இங்குள்ள ஒழுங்கு. நான் புறப்பட்டபோது ஊர் இன்னும் நிழலில் இருந்தது, ஆனால் கேபிள் கார் நிலையத்தில் நல்ல கூட்டம். பெரும்பாலோர் பதின்வயதுப் பந்தய வீரர்கள். அவர்களோடு பயிற்சியாளர்கள், பந்தயத் தடத்தைக் குறிக்க நடும் கம்பங்கள் கட்டுக்கட்டாக, துளையிடும் கருவிகள், மெழுகுப் பெட்டிகள். தென் அரைக்கோள நாடுகளுக்குச் செல்லாமல், ஐரோப்பாவிலேயே கோடைப் பயிற்சி செய்ய வாய்ப்புள்ள இடங்கள் குறைந்துவிட்டதால், பல நாடுகளின் அணிகள் இந்த ஒரு சரிவில் வந்து குவிகின்றன.

ஃபூரி, ஷ்வார்ட்சே வழியாக ட்ரோக்கனர் ஸ்டேக் வரை ஒரு வண்டி. அங்கிருந்து 2018-இல் திறக்கப்பட்ட, 28 இருக்கைகள் கொண்ட பெரிய பெட்டிகள் 3,883 மீட்டரில் உள்ள க்ளைன் மாட்டர்ஹார்ன் நிலையத்துக்கு ஏற்றிச் செல்கின்றன. ஐரோப்பாவில் இதைவிட உயரத்தில் வேறு கேபிள் கார் நிலையம் இல்லை. பெட்டியின் கீழே முதலில் பாறை, பிறகு சாம்பல் நிறத்தில் அழுக்கேறிய பனிக்கட்டி, அதில் நீலமாக வாய் திறந்த பிளவுகள், கடைசியில்தான் வெள்ளைப் பனி. இந்த வரிசையைக் கவனித்துப் பார்ப்பது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பனியாறு எங்கே தேய்கிறது, எங்கே இன்னும் சேமிக்கிறது என்பதை அந்த நிறமாற்றமே காட்டிவிடுகிறது.

மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. படியேறும்போது மூச்சு வாங்குவது வயதால் அல்ல, உயரத்தால். தலைவலி வந்தால் தாமதிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும் என்று உடன் வந்த பயிற்றுநர் முதலிலேயே சொல்லிவிட்டார். நிலையத்திலிருந்து பாறையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியே நடந்து மறுபுறம் வெளியே வந்தால், நேர் எதிரே ஒளி. கண்ணாடியில்லாமல் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது.

முதல் சறுக்கில் காலடியில் பனி கரகரவென்று ஒலித்தது. பலகையின் விளிம்பு சிறிது மழுங்கியிருந்தாலும் பிடிக்காத அளவுக்கு அது கெட்டியாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அதே பாதை வெண்ணெய் போல் இணங்கி, திருப்பங்களை மென்மையாக ஏற்றுக்கொண்டது. கோடைச் சறுக்கின் உண்மையான இன்பம் அந்தக் குறுகிய இடைவேளைதான். அதன் பிறகு பனி கனத்து, முழங்காலை இழுக்கத் தொடங்கியது. பந்தய வீரர்களின் தடங்களில் மட்டும் இந்தக் கணக்கு சற்று வேறுபடுகிறது. அவர்கள் தடத்தில் உப்பைத் தூவுகிறார்கள். உப்பு மேற்பரப்பில் சிறிது பனியை உருக்க, அந்த உருகலுக்குத் தேவையான வெப்பம் சுற்றியுள்ள பனியிலிருந்தே எடுக்கப்படுவதால், அடுத்துள்ள அடுக்கு குளிர்ந்து மீண்டும் இறுகிவிடுகிறது.

குறியிட்ட பாதைக்கு வெளியே செல்லக் கூடாது என்ற விதியை இங்கே எவரும் சம்பிரதாயமாகச் சொல்வதில்லை. பனியாறு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அடியில் உள்ள பாறை மேடாகும் இடத்தில் பனிக்கட்டி வளைய முடியாமல் பிளக்கிறது. பிளவின் மேல் மெல்லிய பனிப்பாலம் மூடியிருக்கும். கோடையில் அந்தப் பாலம் நாளுக்கு நாள் மெலிகிறது. இரவு முழுவதும் சமன்செய்யும் இயந்திரங்களை ஓட்டுபவர்கள் பிளவுகளைத் தேடி, நிரப்பி, பாதையை நகர்த்தி வைத்த பிறகே காலையில் நமக்கு ஒழுங்கான சரிவு கிடைக்கிறது. அவர்கள் உறங்கச் செல்லும் நேரத்தில் நாம் சறுக்கத் தொடங்குகிறோம். பயணக் கட்டுரைகள் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் அழகைப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இந்த இரவு வேலைக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கலாம்.

ஜூலை 12, சனி

கால்வலி. ஊருக்குள்ளேயே நடந்தேன். ஹின்டர்டோர்ஃப் என்னும் பழைய பகுதியில் வெயிலில் கருத்த லார்ச் மரத்தாலான தானியக் களஞ்சியங்கள் குட்டையான கால்களின் மேல் நிற்கின்றன. ஒவ்வொரு காலின் தலையிலும் தட்டையான வட்டக் கல் ஒன்று. எலி ஏறிவராமல் தடுக்க வைத்தது. அருகில் உள்ள நீரூற்று உல்ரிஷ் இண்டர்பினன் என்ற வழிகாட்டியின் நினைவுக்கானது. 1900-இல் பிறந்து 103 வயது வரை வாழ்ந்த அவர், மாட்டர்ஹார்னில் 370 முறைக்கும் மேல் ஏறியவர். கடைசியாக ஏறியபோது அவருக்கு வயது 90.

ஜூலை 13, ஞாயிறு

கோர்னர்கிராட்டுக்குச் செல்லும் பல்சக்கர ரயில் 1898-இல் திறக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் மின்சாரத்தால் இயங்கிய முதல் பல்சக்கர ரயில் அது. 3,089 மீட்டரில் இறங்கியதும் எல்லோரும் மேற்கே திரும்பி மாட்டர்ஹார்னைப் படம் எடுக்கிறார்கள். நான் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். மோண்டே ரோசாவின் 4,634 மீட்டர் உச்சியும் லிஸ்காமும் பிரைத்ஹார்னும் ஒரே சுவராக நிற்க, அவற்றின் அடியில் கோர்னர் பனியாறு கருங்கோடுகளுடன் வளைந்து கிடக்கிறது. அதன் இருபுறமும் செடிகொடியற்ற, வெளிறிய பாறைப் பட்டை ஒன்று நீண்டு செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பனி அந்தப் பட்டையின் மேல்விளிம்பு வரை நின்றது. இப்போதைய பனிமட்டத்துக்கும் அந்த விளிம்புக்கும் இடையே உள்ள ஆழத்தைக் கண்ணால் அளக்க முயன்றபோது எனக்கு உண்மையிலேயே மனம் கலங்கியது.

அளந்தவர்களின் கணக்கு இது. 1931-க்கும் 2016-க்கும் இடையே சுவிஸ் பனியாறுகள் தம் கனஅளவில் பாதியை இழந்தன. 2022 என்ற ஓர் ஆண்டில் மட்டும் எஞ்சியதில் ஏறத்தாழ 6 சதவீதமும், அடுத்த ஆண்டில் 4 சதவீதமும் போயின. 2022-இல் குளிர்காலப் பனி குறைவாக விழுந்திருந்தது. சகாராவிலிருந்து வந்த தூசி பனியின் மேல் படிந்து வெயிலை உறிஞ்சியது. கோடை கடுமையாக இருந்தது. அந்த ஜூலை இறுதியில் செர்மாட்டிலேயே கோடைச் சறுக்கை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆண்டின் 365 நாளும் சறுக்கலாம் என்று அறிமுகப்படுத்தப்படும் ஊருக்கு அது சாதாரண இடையூறு அல்ல.

எல்லைக்கோடும் நகர்கிறது. இங்கே சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் பிரிப்பது நீர்பிரி முகடு, அதாவது நீர் இருபுறமும் பிரிந்து ஓடும் உச்சிக்கோடு. பல இடங்களில் அந்த முகடு பாறை அல்ல, பனி. பனி தாழ்ந்ததும் முகடு இடம் மாறியது. டெஸ்டா கிரிஜாவில் 1984-இல் இத்தாலிய மண்ணில் கட்டப்பட்ட மலைக்குடிலின் பெரும்பகுதி, இந்த மாற்றத்தால் சுவிஸ் பக்கத்தில் விழும் நிலை வந்தது. இரு நாடுகளும் 2023-இல் புதிய கோட்டுக்கு இணங்கின. சுவிஸ் அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. எல்லைப் பேச்சுவார்த்தை என்றால் படைகளும் வரைபடங்களும் நினைவுக்கு வரும். இங்கே பேச்சைத் தொடங்கிவைத்தது உருகிய பனி.

கடந்த மே 28 அன்று இதே வாலிஸ் மாநிலத்தில், லோட்ஷென் பள்ளத்தாக்கில், பிர்ஷ் பனியாறு சரிந்து பிளாட்டன் கிராமத்தை மூடியது. முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்ததால் கிராமத்தவர் ஏறத்தாழ 300 பேர் உயிர் தப்பினர், ஒருவர் மட்டும் இறந்தார்; வீடுகள் பெரும்பாலும் அழிந்தன. ரயிலில் என் அருகே அமர்ந்திருந்த மூதாட்டி அந்தப் பள்ளத்தாக்கில் தமக்கு உறவினர் இருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் கேட்பது முறையல்ல என்று பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 14, திங்கள்

மாட்டர்ஹார்ன் முதன்முதலாக ஏறப்பட்டு இன்று 160 ஆண்டுகள். 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பரின் குழுவில் ஏழு பேர் உச்சியை அடைந்தனர். இறங்கும்போது நால்வர் விழுந்து இறந்தனர். அறுந்த கயிற்றின் துண்டு, தேவாலயத்துக்கு அருகே தரைக்கடியில் அமைந்த அருங்காட்சியகத்தில் உள்ளது. என் சுண்டுவிரலைவிடச் சற்றே தடிமன். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, மலையேறிகளின் கல்லறைகளைச் சுற்றி மெதுவாக நடந்தேன்.

மதியம் பயிற்றுநரோடு காப்பி அருந்தியபோது, என்னை உறுத்திக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டேன்: இவ்வளவு உருகும்போது கோடையில் சறுக்குவது சரிதானா? அவர் கோபப்படவில்லை. பனியாற்றைக் கரைப்பது சறுக்குபவர்களின் பலகை அல்ல, வெப்பமடையும் காற்று என்றார். அது உண்மை. ஆனால் அவரே இன்னொன்றையும் சொன்னார். செர்மாட்டில் தொடங்கி இத்தாலியின் செர்வீனியாவில் முடியும் உலகக் கோப்பைப் பந்தயம் 2022-இல் பனி போதாமலும், 2023-இல் பனிப்பொழிவும் காற்றும் மிகுந்தும் ரத்தாயிற்று. ஒரு பந்தயம்கூட நடைபெறாமலே அது நாட்காட்டியிலிருந்து நீங்கியது. 2023-இல் தடம் அமைக்கப் பனியாற்றின் மேல் தோண்டும் இயந்திரங்கள் வேலை செய்த படங்கள் வெளியாகி, அனுமதித்த பரப்புக்கு வெளியே நடந்த வேலைக்கு மாநில ஆணையம் தடை விதித்தது. அந்தப் படங்களைப் பார்த்த நாளை இந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை என்றார்.

என் எண்ணத்தை இங்கே எழுதி வைக்கிறேன். கோடைச் சறுக்கு தொடரட்டும். பனி தாங்குகிற நாட்களில் மட்டும் தொடரட்டும். 365 என்ற எண்ணைக் காப்பாற்றுவதற்காகப் பனியாற்றைத் தோண்டுவதைவிட, வெயில் கடுமையான ஆண்டுகளில் ஆறு வாரம் மூடி வைப்பதே இந்த ஊருக்குப் பெருமை. கோடையில் இங்கே வருபவனுக்கு நடைபாதைகளும் ரயிலும் களஞ்சியங்களும் ஏற்கெனவே நிறைவைத் தருகின்றன.

நாளைக் காலை ரயில். சுவிஸ் பனியாறுகளின் ஆண்டுக் கணக்கு செப்டம்பர் இறுதியில் முடியும். இந்தக் கோடையின் இழப்பு அதன் பிறகே தெரியவரும். அளவீடு வெளியானதும் தியோடுல் பற்றிய அடுத்த குறிப்பை எழுதுவேன்.