தந்திக் கம்பங்களும் கால்குலஸும்

பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு செயலாளர் போன் செய்தபோது, "நான் நம்ம காலேஜ்ல படிச்சது ஒரே வருஷம்தான் அண்ணாச்சி, மூணு வருஷம் படிச்சவங்க யாரையாவது கேளுங்களேன்" என்றேன். அவர் விடவில்லை. "ஒரு வருஷம் படிச்சாலும் சந்தா ஒழுங்கா கட்டுதீங்கல்லா" என்றார். அதற்குமேல் என்ன சொல்ல?

அந்த ஒரு வருஷம் புகுமுக வகுப்பு. பி.யூ.சி. என்றால் இன்று அறுபது தாண்டியவர்களுக்குத்தான் புரியும். பள்ளியில் 11 வருஷம் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடிக்க வேண்டும். அடுத்த ஒரு வருஷம் கல்லூரியில் பி.யூ.சி. அதற்கப்புறம் பட்டப்படிப்பு என்றால் மூன்று வருஷம், இன்ஜினியரிங் என்றால் ஐந்து வருஷம். கணக்கு, பௌதிகம், ரசாயனம் மூன்றும் சேர்ந்தது முதல் குரூப். இன்ஜினியரிங் ஆசை உள்ளவன் அதில்தான் சேருவான்.

நான் சேர்ந்தது 1974இல். நெல்லைக் கல்லூரிகளெல்லாம் அப்போது மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அந்த மே மாதம் நாடு முழுக்க ரயில் ஸ்டிரைக். வீரவநல்லூர் பக்கத்துக் கிராமத்துக்காரனான நான் பாளையங்கோட்டையில் இருந்த கல்லூரிக்கு ரயிலில்தான் போய்வர வேண்டும். ஹாஸ்டலில் தங்க வசதியில்லை. ஸ்டிரைக் முடியாவிட்டால் பையன் படிப்பு என்னாகும் என்று என் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். மாதக் கடைசிக்குள் ஸ்டிரைக் முடிந்துவிட்டது. பிள்ளையாருக்குத் தேங்காய் போய்ச் சேர்ந்தது.

செங்கோட்டை பாசஞ்சரில் வருகிற பையன்களை வகுப்பில் 'ரயில் கோஷ்டி' என்பார்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டு மூன்று பேர் ஏறுவோம். கரி எஞ்சின். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கும்போது சட்டைக் காலர் கறுத்திருக்கும். அங்கிருந்து தாமிரபரணி மேலுள்ள சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி நடை. பஸ் காசு மிச்சம் பிடித்தால் சாயங்காலம் ஒரு வடை.

முதல் இரண்டு மாதம் பெரிய அவஸ்தை. அதுவரை எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்தவர்கள் நாங்கள். இங்கே எல்லாமே இங்கிலீஷ். பாடம் புரியவில்லை என்றாவது சொல்லலாம், புரிந்ததா இல்லையா என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். டவுன் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்தவர்கள் சட்டென்று பதில் சொல்வார்கள். நாங்கள் கடைசி பெஞ்சில் கிளார்க் டேபிள் என்கிற லாகரித அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்போம். லாகரிதம் பார்ப்பதற்கு மட்டும் எந்தப் பாஷையும் வேண்டாம். அதில் ரயில் கோஷ்டியை யாராலும் மிஞ்ச முடியவில்லை.

எங்களைக் கரையேற்றியவர் கணக்கு சார். நாலு முழ வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் சாக்பீஸ் தவிர ஒன்றும் இருக்காது. இங்கிலீஷில் ஒரு தரம் சொல்வார். பின்னால் உட்கார்ந்திருக்கிற எங்கள் முகத்தைப் பார்ப்பார். "சரிடே, இப்ப நம்ம பாஷையில" என்று இன்னொரு தரம் சொல்வார். பைனாமியல் தேற்றமும் திரிகோணமிதியும் இப்படித்தான் ஓடின. டிசம்பர் வாக்கில் கால்குலஸ் ஆரம்பித்தது. அங்கே அந்த இரண்டாவது தரமும் எடுபடவில்லை. 'ஒரு கணத்தில் வேகம்' என்பது எங்கள் யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுப்பது. கணத்தில் தூரமும் இல்லை, நேரமும் இல்லை. பிறகு எதை எதால் வகுக்க?

"ரயில்ல வாரவன் எல்லாம் எந்திரிங்கலே" என்றார். எழுந்தோம். "வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பினதும் ஒவ்வொரு தந்திக் கம்பத்துக்கும் எத்தனை செகண்டு ஆவுதுன்னு நாளைக்கு எழுதிட்டு வாங்க. ரெண்டு கம்பத்துக்கு எடையில எவ்வளவு தூரம்னு அடி வச்சுப் பாத்துக்கிடுங்க."

கல்லிடைக்குறிச்சிப் பையன் ஒருவனிடம் எச்.எம்.டி. வாட்ச் இருந்தது. பம்பாயிலிருந்து அவன் மாமா கொண்டுவந்து கொடுத்தது, யாரையும் தொடவிடமாட்டான். அவன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செகண்டு முள்ளைப் பார்த்தபடி நிற்க, நான் வெளியே தலையை நீட்டி ஒவ்வொரு கம்பத்துக்கும் "ம்" என்று கத்த, மூன்றாவது ஆள் நோட்டில் எழுதினான். காருகுறிச்சியை விட்டதும் முதல் இடைவெளிக்கு 28 செகண்டு. அடுத்ததற்கு 12. அப்புறம் 9, அப்புறம் 8. வண்டியில் இருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் ரயில்வே இலாகா ஆட்கள் என்று நினைத்து, வண்டி தினமும் லேட்டாக வருவதைப் பற்றி நீளமாக ஒரு புகார் சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டோம்.

மறுநாள் சார் அந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினார். கம்பங்களுக்கு இடையே 60 மீட்டர் என்று வைத்து ஒவ்வொன்றுக்கும் வேகத்தை வகுத்துக் காட்டினார். "கடைசி எட்டு செகண்டுல வேகம் ஒண்ணுபோலவா இருந்துது?"

"இல்ல சார், கூடிக்கிட்டே போச்சு."

"அப்ப கம்பத்தை நெருக்கி நடு. நெருக்கியாச்சா? இன்னும் நெருக்கு. பத்து மீட்டர். ஒரு மீட்டர். தூரமும் கொறையுது, நேரமும் கொறையுது. வகுத்தா வார எண்ணு கொறையுதா?"

குறையவில்லை. அது ஏதோ ஓர் எண்ணை நோக்கிப் போய் நின்றது. அதுதான் அந்தக் கணத்து வேகம். சார் அதை 'டிஎஸ் பை டிடி' என்று எழுதி அடியில் கோடு போட்டார். பிற்பாடு நான் எழுதிய டிசைன் கணக்குகளில் எத்தனையோ தரம் இதே குறியீடு வந்திருக்கிறது. தந்திக் கம்பம் இல்லாமல் ஒரு தரம்கூட அதை நான் பார்த்ததில்லை.

பௌதிக லேப் வேறு மாதிரி. அங்கே இருந்த டெமான்ஸ்ட்ரேட்டர் அதிகம் பேசமாட்டார், ஆனால் அலகு இல்லாமல் விடை சொன்னால் விடமாட்டார். "மூணுன்னா என்னடே? மூணு மொழமா, மூணு மூட்டையா?" நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் காலிப்பர் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிகிற இரும்பு உருளைகளைக் கொடுத்தார். சாத்தான்குளம் பக்கத்துப் பையன் ஒருவன் அடுத்தவன் நோட்டைப் பார்த்து அளவை அப்படியே எழுதிவிட்டான். உருளைகள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஒரு துளி வித்தியாசம் என்பது எங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். "உன் உருளையை அவன் அளந்தானா, அவன் உருளையை நீ அளந்தியா?" என்று மட்டும் கேட்டார். வகுப்பே சிரித்தது. அந்தப் பையன்தான் பின்னாளில் எங்களில் யாரையும்விட நுணுக்கமான வேலைக்காரன் ஆனான் என்று கேள்வி.

ரசாயன லேப் என்றால் ஹைட்ரஜன் சல்பைடு நாற்றம், வேறொன்றும் நினைவில்லை. தமிழ் வகுப்பு இனிமையாகப் போயிற்று. இங்கிலீஷ் வகுப்பில் பாதி நேரம் பயம், மீதி நேரம் தூக்கம்.

பி.யூ.சி.யைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். ஜூலையில் தொடங்கி அடுத்த வருஷம் மார்ச்சுக்குள் எல்லாம் முடிந்துவிடும். பாஷை பழகுவதற்கே பாதி வருஷம் போய்விடுகிற பையனுக்கு மீதி வருஷம் எப்படிப் போதும்? ரயில் கோஷ்டியிலேயே சிலர் தவறினார்கள். 'பி.யூ.சி. பெயில்' என்று ஊரில் ஒரு பட்டமே உண்டு. கல்யாணப் பேச்சில்கூட அதைச் சொல்வார்கள். அவர்களில் யாரும் எங்களைவிட மட்டமில்லை. இன்னும் ஆறு மாதம் கிடைத்திருந்தால் எங்களைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

அடுத்தது இன்ஜினியரிங் விண்ணப்பம். இன்றைய தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களையும் சேர்த்து அவ்வளவு பெரிய திருநெல்வேலி மாவட்டத்தில் அப்போது ஒரு இன்ஜினியரிங் கல்லூரிகூடக் கிடையாது. நெல்லையில் அரசு இன்ஜினியரிங் கல்லூரி வந்ததே 1981இல்தான். எங்களுக்குப் பக்கம் என்றால் மதுரை தியாகராசர், அப்புறம் காரைக்குடி அழகப்பர். நுழைவுத் தேர்வு என்ற பேச்செல்லாம் எண்பதுகளில் வந்தது. எங்கள் காலத்தில் பி.யூ.சி. மதிப்பெண்ணும் நேர்முகமும்தான்.

நேர்முகத்தில் என் ஊரைக் கேட்ட ஒருவர், "தாமிரபரணிப் பாலத்துக்கு எத்தனை வளைவு?" என்றார். தினமும் கடக்கிற பாலம். ஆற்றில் குளிக்கும்போது அண்ணாந்து எண்ணியிருக்கிறேன். "பதினொண்ணு சார்" என்றேன். 1843இல் திறந்த பாலம், சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டியது என்றும் சேர்த்துச் சொன்னேன். லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் கட்டியது என்று ஊரில் சொல்வார்களே, அதைச் சொல்ல அன்றைக்குத் தோன்றவில்லை. வேலைக்காக இங்கிலாந்து வந்த புதிதில் அந்த மூலப் பாலத்தைப் பார்க்க ஆசையாகப் போனேன். அங்கே நிற்பது கான்கிரீட் பாலம். 1817இல் கட்டிய பழைய கல்பாலத்தை முப்பதுகளிலேயே இடித்துவிட்டார்களாம். நம்முடையது இன்றும் நின்று பஸ்ஸையும் லாரியையும் சுமக்கிறது. நெல்லைக்காரன் கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம், தப்பில்லை.

காரைக்குடியில் இடம் கிடைத்தது. அங்கே முதல் வருஷம் சிவில், மெக்கானிக்கல் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் பொதுப் பாடம். மற்றவர்கள் திணறிய இடங்களில் நான் ஓரளவு தாக்குப்பிடித்தேன் என்றால் அது பாளையங்கோட்டை தந்த தெம்பு.

1978இல் பிளஸ் டூ வந்தது. பி.யூ.சி. போய்விட்டது. இன்ஜினியரிங்கும் நாலு வருஷமானது. கிராமத்துப் பிள்ளைகள், அதிலும் பெண்கள், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே 12 வரை படிக்க முடிந்தது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கல்லூரியின் கையில் இருந்த ஒரு வருஷம் போனதில் எனக்கு வருத்தம்தான். எந்தப் பள்ளியிலிருந்து எந்த ஓட்டையோடு வந்தாலும், அதை அடைத்து மேலே அனுப்புகிற பொறுப்பைக் கல்லூரி ஆசிரியர் அந்த ஒரு வருஷத்தில் ஏற்றுக்கொண்டார். இப்போது அந்த வேலை யாருடையது? கோச்சிங் சென்டருடையது என்கிறார்கள். கோச்சிங் சென்டர் யாரையும் கம்பம் எண்ணச் சொல்லாது.

நான் இப்போது இருக்கிற இங்கிலாந்தில் அந்த ஒரு வருஷம் வேறு பெயரில் இருக்கிறது. ஃபவுண்டேஷன் இயர், சிலர் இயர் ஜீரோ என்பார்கள். ஏ லெவலில், அதாவது இங்கத்திய பிளஸ் டூவில், கணக்கோ பௌதிகமோ எடுக்காதவர்கள், மதிப்பெண் பத்தாதவர்கள், பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பப் படிக்க வருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் சேருவார்கள். அல்ஜீப்ரா, திரிகோணமிதி, கால்குலஸ், மெக்கானிக்ஸ், மின்சாரம், லேப், ரிப்போர்ட் எழுதுவது. ஏறக்குறைய நம் முதல் குரூப்தான். ரிடையர் ஆனபிறகு அப்படி ஒரு வகுப்பில் வாரத்தில் சில மணி நேரம் கணக்கு சொல்லித் தருகிறேன்.

ஊரிலிருந்து போன் வரும். "சித்தப்பா, பையனை நேரே முதல் வருஷத்துல எடுக்கல, ஃபவுண்டேஷன்ல போட்டுட்டாங்க. ஒரு வருஷம் வேஸ்ட்தானே?" வேஸ்ட் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் கூடவே சில கேள்விகளையும் கேட்கச் சொல்வேன். அதே பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்போடு சேர்ந்த வருஷமா, தனியார் நிறுவனம் நடத்துவதா? முதல் வருஷத்துக்குப் போக எத்தனை சதவீதம் வாங்கவேண்டும்? வெறும் பாஸ் போதுமா, கணக்கில் தனியாக ஒரு வரம்பு உண்டா? எந்தெந்தப் பிரிவுக்குப் போகலாம்? கட்டணத்தையும் பார்க்க வேண்டும். வகுப்பறைப் பாடங்களின் ஃபவுண்டேஷன் வருஷத்துக்கு இங்கிலாந்து அரசு 2025–26 முதல் 5,760 பவுண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறது. இன்ஜினியரிங் அதில் வராது, 2025–26இல் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே 9,535 பவுண்டு வரை இருந்தது. நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தத் தொகைக்குள் அடங்குவது அபூர்வம். பி.யூ.சி.க்கு என் அப்பா கட்டிய பீஸையும் இதையும் ஒரே மூச்சில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சங்கத்தில் யாருடைய பிள்ளையாவது இந்த வருஷம் இப்படிச் சேருவதாக இருந்தால் செயலாளரிடம் என் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு மத்தியானத்துக்குமேல் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.