மிருதங்கத்துக்கு இரண்டு மைக்

தம்பியின் மிருதங்கத்தை வீட்டிலேயே பதிவு செய்ய ஒருவழியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கியாயிற்று. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, நான்காம் தலைமுறை.

விலை குறைவு என்று முதலில் அதே வரிசையில் சோலோ என்ற மாடலைத்தான் எடுக்க இருந்தேன். படத்தை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இன்புட் இரண்டு என்றாலும் மைக்குக்கு ஒன்றுதான். மற்றது கிட்டார், கீபோர்டு மாதிரி கருவிகளுக்கு. வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒன்று, தொப்பிக்கு (இடப்பக்கம்) ஒன்று என்று நமக்கு இரண்டு மைக் வேண்டுமே! இரண்டும் கண்டென்சர் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் மைக்) என்றால் இரண்டுக்கும் இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். 192 கிலோஹெர்ட்ஸ் என்ற சாம்பிள் ரேட்டை (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற கணக்கு) பார்த்து மயங்க வேண்டாம். வீட்டுப் பதிவுக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம்.

அப்புறம் டைரக்ட் மானிட்டர். வாசிப்பது கணினிக்குள் போய்ச் சுற்றி வராமல் நேராக ஹெட்ஃபோனில் கேட்கும். தாமதம் இருந்தால் தாளம் பிடித்து வாசிக்கவே முடியாது.

நேற்று இரவு ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். தொப்பியில் கனத்த ஒலிக்காக அப்பிய ஈர ரவை காயக் காய நாதம் மெல்ல ஏறுவதுகூட இரண்டாவது டிராக்கில் தனியாகக் கேட்கிறது. தம்பி அதையே நான்கு முறை போட்டுக் கேட்டான்.